தோள் உறையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை

1. ஏறாத பட்டி

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, உடை மாற்றும் அறையில் என் இடுப்புப் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது நான் ஒஸ்லோவில் சீருடை அணியாத ஒரு பொலிஸ் பிரிவில் இருந்தேன். எங்கள் பட்டி சாதாரணப் பட்டி அல்ல. பிஸ்டலின் பாரத்தில் தொங்கிவிடக்கூடாது என்பதற்காக உள்ளே விறைப்பாக ஏதோ வைத்துத் தைத்திருப்பார்கள். அது சரியாக என் சிசேரியன் தழும்பின் மேல் வந்து உட்கார்ந்தது. நின்றால் பொறுக்கலாம். காரில் உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் வேலையில் முக்கால்வாசி நேரம் காரில்தான் உட்கார்ந்திருப்போம்.

பொலிஸ் வேலைக்குப் படிக்க யோசிக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பொலிஸ்காரர் வழக்கமாகத் துப்பாக்கியோடு திரிவதில்லை. அது காரில் பூட்டிய பெட்டியில் இருக்கும். மேலிடத்து உத்தரவு வரும் காலங்களில் மட்டும் அது உடம்புக்கு வரும். நான் திரும்பியபோது அப்படி ஓர் உத்தரவு நடைமுறையில் இருந்தது. சீருடைக்காரர் அதை வெளியே தெரியும்படி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் நாங்கள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவரும் எங்களைப் பார்த்துவிடுவார்.

என் மேலதிகாரியான மாரித் என்ற பெண்மணி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். அவர் பேசியது நோர்வேஜியனில்தான். நான் எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

"கஷ்டமா இருக்கோ?"

"இல்லை. பழகினால் சரிவரும்."

"பொய் சொல்லாதையும். எனக்கும் ரெண்டு பிள்ளையள்."

அவர் மேசையில் ஒரு பொருளை வைத்தார். கறுப்பு நிறத்தில் எட்டு வடிவமாகப் பின்னிய வார்கள். ஒரு பக்கம் உறை, மறுபக்கம் தோட்டாக்களுக்கான இரண்டு ரவைக்கூடுகள். தோள் உறை. பிஸ்டல் இடது கைக்குக் கீழே கமக்கட்டுக்குள் தொங்கும், இடுப்பில் பாரமே இருக்காது. எங்கள் பிரிவில் அதை யாரும் பாவிப்பதில்லை.

"ஆறு கிழமை சோதிச்சுப் பாரும். ஸ்டியான் உம்மோடை நிண்டு கவனிப்பார். சரிவந்தால் தெருவிலை நில்லும். சரிவராட்டி உள்ளை ரேடியோ மேசையிலை இரும். உம்மடை இடத்துக்கு ஆளும் பாக்கவேணும்தானே."

உதவி செய்கிறாரா, அல்லது நான் சரிப்பட மாட்டேன் என்பதை எழுத்தில் காட்ட ஒரு வழி தேடுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிரிவுக்குள் வர நான் நான்கு வருடம் காத்திருந்தவள். "உம்மடை இடத்துக்கு ஆள்" என்ற சொல் மட்டும் காதில் நின்றது. நன்றி சொல்லிவிட்டு வாரை மாட்டினேன்.

2. கண்ணாடியும் கொப்பியும்

தோள் உறை நல்லதா என்று கேட்டால், எங்கே, யாருக்கு என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

காரில் அது நல்லது. சீட் பெல்ட்டின் கீழ் புதைந்துபோகாது, கை நேரே போகும். இடுப்பு நோகாது. மலசலகூடத்துக்குப் போகும்போது பட்டியை அவிழ்த்து, பிஸ்டலை எங்கே வைப்பது என்று தடுமாறத் தேவையில்லை. நான் முதல் மூன்று நாளும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு குறைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவது, மேலே ஏதாவது போட்டே ஆகவேண்டும். வெயில் காலத்தில் அது சிரமம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒஸ்லோவில் குளிர்காலந்தான் அதைவிடச் சிரமம். வெளியே உறைகிற குளிர், உள்ளே வந்தால் கொதிக்கிற சூடு. எந்தக் கடைக்குள், எந்த ரயிலுக்குள் ஏறினாலும் எல்லோரும் குளிர்ச்சட்டையின் சிப்பைத் திறப்பார்கள். திறக்காமல் இருப்பவர் கண்ணில் படுவார். சந்தேகமான ஆளைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பழக்கிய அடையாளமே அதுதான். இப்போது அந்த அடையாளத்தோடு நானே திரிந்தேன். கடைசியில் தளர்வான கம்பளிக் கார்டிகன் ஒன்றைப் போட்டு, அதற்குமேல் குளிர்ச்சட்டை போட்டுச் சமாளித்தேன்.

இரண்டாவது, குனிந்தால் உறை முன்னால் ஆடி வரும். கீழ் நுனியைப் பட்டியோடு இழுத்துக் கட்டினால் ஆடாது. ஆனால் அதற்குப் பட்டி வேண்டும். பட்டி வேண்டாம் என்றுதானே இதற்கு வந்தேன்.

மூன்றாவது, பிஸ்டலை எடுக்கும் விதம். வலது கை நெஞ்சைக் கடந்து இடது பக்கம் போகவேண்டும். முன்னால் நெருங்கி நிற்பவன் அந்தக் கையை என் நெஞ்சோடு சேர்த்து அமத்திப் பிடித்தால் கதை முடிந்தது. எடுத்து வரும் வழியில் குழாய்முனை இடது பக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் தொட்டுக்கொண்டு வரும். சுடு பயிற்சி மண்டபத்தில் என் இடது பக்கம் ஆளில்லை. ரயிலில் இருக்கும். உறை படுக்கையாக இருந்தால் குழாய்முனை எந்நேரமும் பின்னால் இருப்பவரைப் பார்க்கும். அதனால் செங்குத்தாக மாற்றித் தரும்படி கேட்டேன். அது நீளமாகி விலாவில் இடித்தது.

நான்காவது எந்தக் கையேட்டிலும் இல்லை. பால் கொடுக்கும் பெண்ணின் உடம்பு காலையில் ஓர் அளவு, மத்தியானம் வேறோர் அளவு. காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த வார் பதினொரு மணிக்கு இறுக்கும். பதினொன்றரைக்குப் பால் எடுக்கும் பம்போடு ஓர் அறைக்குள் போவேன். அதற்கு முதல் பிஸ்டலைப் பெட்டகத்தில் பூட்டி, வாரைக் கழற்றி, பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். என்னோடு ஒரே காரில் வேலை செய்யும் ஸ்டியான் வெளியே காத்திருப்பான். அவன் கையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கும்.

அந்தக் கொப்பியை நான் வெறுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தி, "நடவும், இரும், மேல் தட்டிலை இருக்கிற கோப்பையை எடும், சப்பாத்து நூலைக் கட்டும்" என்பான். ஒவ்வொன்றுக்கும் ஏதோ எழுதுவான். மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் உறை தெரியவில்லை. நன்றாக மறைகிறது என்று எழுதினார்கள். அவ்வளவு நல்லபடியாக எழுதினால் எதற்காக என்னிடம் காட்டுவதில்லை என்று யோசித்தேன்.

துப்பாக்கி வீட்டுக்கு வருவதில்லை. பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் நாங்கள் குடியிருக்கும் மோர்டென்ஸ்ருட் பக்கம் போகும் ரயிலில் ஏறுவேன். ஆனாலும் இடது கை மட்டும் உடம்பை விட்டுச் சற்று விலகியே நின்றது. மகளை இடது இடுப்பில் தூக்கிப் பழகிய நான், எட்டு மாதப் பிள்ளையை வலது பக்கம் மாற்றினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. என் கணவர் சுதன் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று சிரித்தார்.

"என்னப்பா, கோழி செட்டையை விரிச்ச மாதிரி நிக்கிறீர்? இஞ்சை துவக்கு இல்லை. பிள்ளையை வடிவாப் பிடியும்."

நானும் சிரித்தேன். பிறகு மகளை அவரிடம் கொடுத்துவிட்டு, அன்று பெட்டகத்தைச் சரியாகப் பூட்டினேனா என்று மனதுக்குள் மூன்று தரம் பூட்டிப் பார்த்தேன்.

3. எல்லிங்ஸ்ருட் போகும் ரயில்

ஐந்தாவது கிழமை. ஆறு வாரச் சோதனை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நாங்கள் சில நாட்களாக ஒரு மனிதரைக் கவனித்து வந்தோம். அவர் யார், ஏன் என்பது இங்கே தேவையில்லை. சாம்பல் தொப்பி போடுவார் என்பது போதும். அன்று காலை அவர் எல்லிங்ஸ்ருட் பக்கம் போகும் சுரங்க ரயிலில் ஏறினார். அவர் எங்கே இறங்குகிறார், யாரைச் சந்திக்கிறார் என்று பார்க்கவேண்டும். நான் அவருக்கு எதிர் வரிசையில், நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். ஸ்டியான் பெட்டியின் மறு கோடியில் கதவடியில் நின்றான்.

பெட்டி சூடாக இருந்தது. குளிர்ச்சட்டையைத் திறந்து முதுகுப் பக்கம் தளர்த்திவிட்டேன். கார்டிகன் மேலே இருந்தது. அது கழுத்தடியில் சற்று விலகியிருந்தது எனக்குத் தெரியாது.

இடையில் ஒரு நிலையத்தில் ஐம்பத்தைந்து, அறுபது வயது மதிக்கத்தக்க தமிழ் அம்மா ஒருவர் ஏறினார். ஊதா நிறச் சால்வை. இரவு வேலை முடிந்து வருகிறவர் போல, கையில் சாப்பாட்டுப் பை. பெட்டியில் எத்தனையோ இருக்கை காலியாக இருந்தது. நோர்வேக்காரர் என்றால் தூரத்து இருக்கையைத் தேடிப் போவார். இவர் என் முகத்தைப் பார்த்தார், நேரே வந்து என் இடது பக்கம் உட்கார்ந்தார்.

"தமிழ்ப் பிள்ளையோ?"

இல்லை என்று நோர்வேஜியனில் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"ஓம் அன்ரி."

"நினைச்சனான். மோர்டென்ஸ்ருட் தமிழ்க் கடையிலை கண்ட மாதிரி இருக்கு. கைப்பிள்ளையோடை வாறனீர் என்ன?"

"ஓம்."

"பொறும் பொறும், ஸ்ட்ராப் வெளியிலை தெரியுது."

சொல்லி முடிக்க முதலே அவருடைய இரண்டு விரல்கள் என் கார்டிகனின் கழுத்துக்குள் இருந்தன. எங்கள் பெண்களுக்கு இது தெரியும். கலியாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில், பெயர் தெரியாதவளுக்கும் செய்வோம். கேட்டுவிட்டுச் செய்வதில்லை. யாரும் தப்பாக நினைப்பதுமில்லை. எனக்கும் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள். அதனால் என் உடம்பு உசாராகவில்லை. முன்பின் தெரியாத ஒரு கை கழுத்துக்கு வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு எத்தனையோ தரம் பழக்கியிருந்தார்கள். அந்தக் கைக்கு நான் தோளைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தேன்.

அவர் வாரை உள்ளே இழுத்தார். அது வரவில்லை. உள்ளாடை வார் என்றால் இழுபடும். இது இரண்டு விரல் அகலம், கீழே பாரம். அவர் விட்டுப் பிடித்து இன்னொரு தரம் இழுத்தபோது அவருடைய முழங்கை என் விலாவோடு உரசி, கம்பளிக்குக் கீழே இருந்த கட்டியான பொருளில் முட்டியது.

விரல்கள் நின்றன.

ஊரில் போரைக் கண்ட, அவருடைய வயதில் இருக்கும் எங்கள் சனத்துக்கு அது என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"பிள்ளை," என்றார் மிக மெதுவாக. "இது என்ன?"

எதிரே சாம்பல் தொப்பி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெட்டியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுந்தான். என் கண் அவரிடம் போய் அன்ரியிடம் திரும்பியது. செய்யக்கூடாத காரியம் அது. அன்ரி என் கண் போன வழியைப் பார்த்தார்.

பிறகு அவர் தன் சால்வையை உருவினார். பெட்டி முழுவதும் கேட்கும்படி, அதுவும் பாதி நோர்வேஜியனில் தொடங்கினார்.

"பால் கசிஞ்சு சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு! வெக்கமில்லாமல் இப்பிடியே இருக்கிறீர்! பிள்ளைப் பால் வீணாப் போகுது, வீட்டை போய்ப் பிள்ளைக்குக் குடும். இந்தாரும், மூடும், மூடும்."

சால்வை என் தோளிலிருந்து மடிவரை விழுந்தது. அதை இறுக்கிச் சுற்றும்போது அவர் தன் முழங்கை என் விலாவில் படாமல் பார்த்துக்கொண்டார். சாம்பல் தொப்பி முகத்தைச் சிவக்கவைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த நிலையத்தில் அன்ரி எழுந்தார். சால்வையைத் திருப்பிக் கேட்கவில்லை. போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. மேடையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லிங்ஸ்ருட்டில் இருப்பவர் என்பதும், அவர் இறங்கவேண்டிய இடம் இன்னும் எவ்வளவோ தூரம் என்பதும் பிறகு தமிழ்க் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

4. "தொட்டவவோ?"

வேலை கெடவில்லை. தொப்பிக்காரர் வழக்கம்போல் இறங்கினார், எங்கள் பிரிவில் வேறு இருவர் அவரைத் தொடர்ந்தார்கள். நானும் ஸ்டியானும் காருக்கு வந்தோம். அவன் இயந்திரத்தை முடுக்கவில்லை.

"அவ ஆர்?"

"தெரியாது. ஒரு அன்ரி."

"தெரியாத ஆளுக்கு ஏன் சால்வை குடுத்தவ?"

"உள்ளுடுப்பு வார் தெரியுது எண்டு மூடிவிட்டவ."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "முன்பின் தெரியாத ஆக்களின்ரை உடுப்பை நீங்கள் சரிசெய்து விடுவீங்களோ?"

"பொம்பிளையள் செய்வம்."

"கேக்காமலோ?"

"கேக்காமல்தான்."

"எங்கடை அம்மாவே என்னைத் தொடுறதெண்டால் முதலே மெசேஜ் போடுவா," என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப அவ உறையைத் தொட்டவவோ?"

"இல்லை," என்றேன்.

கொப்பியைத் திறந்தான். ஏதோ எழுதினான். மூடினான்.

பொய் சொல்ல நான் திட்டமிடவில்லை. ஆறாவது கிழமைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. மூன்று பேர் சுற்றிப் பார்த்துத் தெரியவில்லை என்று எழுதியாகிவிட்டது. அன்ரி யார் என்று யாருக்கும் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் அது நடக்கவே இல்லை.

பதினொன்றரைக்குப் பம்போடு அறைக்குள் உட்கார்ந்தேன். அன்று பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஸ்டியான் வெளியே நிற்கும் நிழல் கதவின் மங்கல் கண்ணாடியில் தெரிந்தது. அவன் பார்த்திருப்பானா? பெட்டியின் மறு கோடியிலிருந்து முழங்கை தெரியுமா? தெரிந்திருந்தும் என் வாயால் என்ன வருகிறது என்று பார்க்கக் கேட்டானா? மாரித் அவனிடம் அப்படிக் கேட்கச் சொல்லியிருப்பாரா? அரை மணி நேரம் அவர்கள் இருவரையும் சந்தேகித்தேன். பிறகுதான் எங்கள் மூவரில் பொய் சொன்ன ஆள் நான் ஒருத்தி மட்டுமே என்பது உறைத்தது.

அதோடு இன்னொன்றும் பயமாக இருந்தது. அன்ரியின் கை இருந்த இடத்தில் அன்று வேறொருவர் கை இருந்திருந்தால்? அதற்கும் நான் தோளைச் சாய்த்துக் கொடுத்திருப்பேனே.

மறுநாள் காலை இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு மாரித்திடம் போனேன். ஒரு பக்கம் ரயிலில் நடந்தது. மற்றப் பக்கம் காரில் நான் சொன்ன பொய். அவர் இரண்டையும் இரண்டு தரம் வாசித்தார்.

"ஸ்டியான் இதை எழுதேல்லை."

"நான் அவருக்கு மாறிச் சொன்னனான்."

"ஏன் இப்ப வந்து சொல்லுறீர்?"

"நான் சொல்லாட்டி, இந்த உறை நல்லதெண்டு எழுதி இன்னொரு ஆளுக்குக் குடுப்பீங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு பேர் வந்து பாத்தவை," என்றார். "பாத்தவைதான். தொட்டுப் பாக்கவேணும் எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் யோசனை வரேல்லை. இஞ்சை ஆர் தொடுறது?"

தோள் உறை அன்றே பெட்டகத்துக்குத் திரும்பிப் போனது. நான் ரேடியோ மேசைக்குப் போனேன். பொய்க்காக எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. அது நியாயம். என் இடத்துக்கு பேர்கனில் இருந்து ஒருவர் வந்தார், நல்ல பிள்ளை. தழும்பு ஆறி, பட்டி ஏறி, நான் மீண்டும் தெருவுக்குப் போகப் பல மாதங்கள் ஆயின. ஸ்டியான் உண்மையில் பார்த்தானா என்று ஒரு நாள் கேட்டேன். "எனக்கு முன்னாலை ஒருத்தன் சைக்கிளோடை மறைச்சு நிண்டவன்," என்றான். அந்தச் சைக்கிள் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

5. தமிழ்க் கடை

ரேடியோ மேசையில் இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, மோர்டென்ஸ்ருட் தமிழ்க் கடையில் மகளை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரே அன்ரி நின்றார். அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, என் இடது கமக்கட்டை. அங்கே பிள்ளை இருந்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"சுகமோ, பிள்ளை?" தள்ளுவண்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"சுகம் அன்ரி. உங்கடை சால்வை வீட்டை இருக்கு. கொண்டுவந்து தாறன்."

"வேண்டாம் வேண்டாம். வைச்சிரும்." குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பச்சைப் பிள்ளையை நினைச்சாவது உந்தப் பழக்கங்களை விட்டிடும். நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டன்."

என்னை யார் என்று அவர் நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. துவக்கோடு திரியும் ஏதோ ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டவள். எதிரே இருந்த தொப்பிக்காரருக்குப் பயந்தவள். அப்படி நினைத்துக்கொண்டும் தன் சால்வையால் என்னை மூடிவிட்டு, பயத்தில் பாதி வழியில் இறங்கிப் போயிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த வேலையில் இருக்கும்வரை நான் பொலிஸ் என்று சொல்ல அனுமதி இல்லை. வாயை மூடினேன். அவர் என் மகளைப் பார்த்தார். அந்தக் கடையில் அவளுடைய கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் போனதில்லை. அன்ரியின் கை வண்டியின் பிடியிலிருந்து ஒரு விரலளவு எழும்பித் திரும்பவும் பிடிக்குப் போனது. அவர் அரிசிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

மகள் பார்னஹாகே என்னும் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, நேரம் ஒத்துவருவதற்காக நான் சீருடைப் பிரிவுக்கு மாறிவிட்டேன். இதை எழுதவும் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். எந்தக் கருவியையும் அதைச் செய்தவர்களின் பழக்கத்தில் மட்டும் சோதிக்காதீர்கள். நீங்கள் யாருக்கிடையே பிறந்து வளர்ந்தீர்களோ அவர்களின் பழக்கத்திலும் சோதியுங்கள். தோள் உறை கண்ணுக்கு மறையும், கைக்கு மறையாது. சோதனையில் தவறினால் தவறியதை எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். ஒரு நாள் பிந்தியதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊதாச் சால்வை தோய்த்து, மடித்து, எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று சுதன் சொன்னார். எனக்கு மனமில்லை. அன்ரி, நீங்கள் இதை வாசித்தால், சனிக்கிழமைகளில் பத்து மணிக்குப் பிறகு நான் அந்தக் கடையில்தான் நிற்பேன். இடது பக்கத்தில் மகள் மட்டுந்தான் இருப்பாள். தொடலாம்.